வேலை, பிள்ளைகள், நடுவில் ஒரு ட்ரையத்லான்: பயிற்சிக்கான நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

மேடவாக்கம் வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் சென்னைக்குத் தெற்கே கடற்கரையையொட்டி நடக்கவிருக்கும் ஒரு ட்ரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். குழந்தைகளின் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டுவதற்காக நடத்தப்படும் போட்டி அது. ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தொலைவுப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன்: கடலில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். எங்கள் கிளையில் உடன் பணிபுரிபவரின் மகன் அந்த அறக்கட்டளையின் உதவியால்தான் சிகிச்சையை முடித்தான் என்பதால், இதைப் பாதியில் கைவிட எனக்கு மனமில்லை.

எனக்கு வயது 41. கிண்டியில் ஒரு பொதுத்துறை வங்கியில் அலுவலராக இருக்கிறேன். மனைவி ஆசிரியை, காலை ஏழேகாலுக்குப் பள்ளி வேனில் ஏறியாக வேண்டும். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள், மகனுக்கு மூன்று வயது. அம்மா எங்களோடுதான் இருக்கிறார் என்றாலும், முழங்கால் வலியோடு சிறியவன் பின்னால் ஓட அவரால் முடியாது.

ஐந்து கிலோமீட்டரை மெதுவாக ஓடிவிடுவேன். கியர் வைத்த பழைய ஹைபிரிட் சைக்கிள் ஒன்று இருக்கிறது. சிக்கல் நீச்சலில்தான். நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கிணற்றில் நீந்தப் பழகியவன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் மிதப்பேன். ஆனால் நீச்சல்குளத்தில் ஃப்ரீஸ்டைல் அடித்தால், ஒரு நீளம் முடிவதற்குள் மூச்சு வாங்கிவிடுகிறது. அக்டோபர் பிறந்துவிட்டது, இனி மழை வேறு.

நாள்தோறும் நான்கு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். என் நிலையில் உள்ள ஒருவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினால் போதும், அதை எப்படிப் பிரிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். இன்னொன்று: நன்கொடைக்காக என் யூபிஐ எண்ணை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, சேரும் தொகையை மொத்தமாக அறக்கட்டளைக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகனும் தருவதாகச் சொல்லியிருக்கிறான். இது சரியான முறைதானா?

உப்புக்காற்று (பதில்):

தம்பி, கிணற்றில் பழகியவர் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அது உங்களிடம் இருக்கும் பெரிய முதல். முப்பது வயதுக்கு மேல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொண்டு கடலுக்கு வருபவர்கள், கால் தரையில் படாத முதல் கணத்திலேயே நடுங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்தப் பயம் இருக்காது. மாற்ற வேண்டியது தலையின் நிலையையும் மூச்சையும் மட்டுமே.

கிணற்றில் யாரும் முகத்தை நீருக்குள் வைத்து நீந்துவதில்லை. எதிரே சுவர், மேலே பம்ப்செட் மேடையிலிருந்து எந்த நேரமும் ஒருவன் குதிப்பான், ஆகவே தலை எப்போதும் மேலேயே இருக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழ்ந்துவிடும். உடல் படுக்கைவாட்டில் வழுக்கிச் செல்லாமல் சாய்வாக நின்று நீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த நிலையில் கையை வேகமாக வீசி ஃப்ரீஸ்டைல் அடித்தால் யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, முகம் நீருக்குள் இருக்கும்போது பெரும்பாலோர் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்; பிறகு வாய் வெளியே வரும் அரை நொடிக்குள் உள்ளே இருப்பதை விடவும் புதிதாக இழுக்கவும் முயல்கிறார்கள். இரண்டும் ஒருசேர நடக்காது. முகம் நீருக்குள் இருக்கும் நேரமெல்லாம் மூக்கு, வாய் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலையைத் தூக்காமல், தோளோடு சேர்த்துப் பக்கவாட்டில் திருப்பி இழுங்கள். முதல் இரண்டு வாரங்களுக்கு வேறெதையும் நினைக்க வேண்டாம்: 25 மீட்டர் போங்கள், மூச்சு நிதானப்படும் வரை நில்லுங்கள், மறுபடி போங்கள். தூரம் தானாகக் கூடும்.

கிண்டிக்கும் மேடவாக்கத்துக்கும் இடையில் வேளச்சேரி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக அங்கே கட்டப்பட்ட நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது; அதில் 15 நீளம் போனால் உங்கள் 750 மீட்டர் முடிந்துவிடும். மாலை பேட்ச் நேரங்களை நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். இடி மின்னல் இருக்கும்போது எந்தக் குளத்திலும் இறங்காதீர்கள். நவம்பரில் பல மாலைகள் அப்படித்தான் போகும், அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடியும் வரை கடலில் பயிற்சியே வேண்டாம். எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் அந்த வெள்ளை நினைவுச்சின்னத்தின் கீழ் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடாதவர் சென்னையில் குறைவு. 1930-இல் நீரில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த டென்மார்க் மாலுமி ஒருவருக்காக எழுப்பப்பட்டது அது. கப்பலில் வாழ்ந்தவனையே இழுத்த நீர் அது. பொங்கல் கழிந்த பிறகு, கடல் அமைதியாக இருக்கும் காலை நேரத்தில், கயாக் எனும் சிறு துடுப்புப் படகின் துணையோடு இறங்கும் குழுவோடு சேர்ந்து பழகுங்கள். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் ஆரஞ்சு மிதவை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி அடிக்காமல், கரைக்கு இணையாக நீந்தி விலகிவிட்டுப் பிறகு திரும்புங்கள்.

கடலில் உங்கள் கிணற்றுப் பழக்கமே கைகொடுக்கும் ஓர் இடமும் உண்டு. குளத்தைப் போல அடியில் கறுப்புக் கோடு இருக்காது என்பதால், எட்டுப் பத்து வீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து போட்டிப் பாதையைக் காட்டும் மிதவை எங்கே என்று பார்த்தாக வேண்டும். குளத்தில் கற்றவர்கள் இதற்குத் தடுமாறுவார்கள். உங்களுக்கு அது இயல்பாகவே வரும். ட்ரையத்லான் விதிப்படி எந்த முறையில் நீந்தினாலும் செல்லும். களைத்தால் தவளை நீச்சலுக்கு மாறலாம். மிதவையையோ கயாக்கையோ பிடித்துக்கொண்டு இளைப்பாறலாம், அதைக் கொண்டு முன்னேறாதவரை தகுதி போகாது. குளிர்நீரில் அணியும் வெட்சூட் உடையை வாங்கச் சொல்லி யாராவது வந்தால் சிரித்துவிட்டு விலகுங்கள். நம் கடலுக்கு அது தேவையில்லை.

இயன்முறை மருத்துவர் (பதில்):

பயிற்சிக்கு முன் செய்ய வேண்டியதை யாராவது சொல்லியாக வேண்டும். உங்களுக்கு 41 வயது, நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்து, ஒரு ஈசிஜியும் எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 1985 முதல் 2016 வரை அமெரிக்காவில் ட்ரையத்லான்களில் நிகழ்ந்த உயிரிழப்புகளையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில், மொத்தம் 135 நிகழ்வுகளில் 90 நீச்சல் பகுதியிலேயே நேர்ந்திருந்தன. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது 47-ஐ ஒட்டி இருந்தது. ஆகவே நெஞ்சில் இறுக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது வந்தாலும், போட்டியின் நடுவிலும்கூட, கையை உயர்த்தி உதவி கேளுங்கள்.

ஓட்டத்தின் தூரத்தை இப்போதைக்குக் கூட்ட வேண்டாம். உங்களுக்கு ஐந்து கிலோமீட்டர் ஏற்கெனவே வருகிறது. வராதது சைக்கிளிலிருந்து இறங்கிய கையோடு ஓடுவது. இறங்கியவுடன் முதல் சில நிமிடங்களுக்குத் தொடைகள் மரத்துப்போய் யாருடைய கால்களோ போலிருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை, நீண்ட சைக்கிள் பயிற்சி முடிந்ததும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பத்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். இதற்கு பிரிக் என்று பெயர். பிப்ரவரிக்குள் உடல் பழகிவிடும்.

பெரும்பாலான பயிற்சிகளில் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும். பேச்சு துண்டுதுண்டாக வந்தால் வேகம் அதிகம் என்று பொருள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை எவ்வளவு போகிறது என்று அறிய, ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதற்காக வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பது நல்லதல்ல. உப்புப் போட்ட நீர்மோரும் பயன்படும், ஓஆர்எஸ் என்றால் ஒரு பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். மழைக்குப் பிறகு தெருவில் தேங்கிய நீரில் இறங்கி ஓடாதீர்கள். காலில் சிறு வெட்டு இருந்தாலும் எலிக்காய்ச்சலுக்கு வழி அது. ஆறு மணி நேரம்கூடத் தூங்காத இரவுக்கு மறுநாள் பயிற்சியை விட்டுவிடுங்கள்.

இரு பிள்ளைகளின் அம்மா (பதில்):

நானும் என் கணவரும் வெவ்வேறு ஆண்டுகளில் இதே தொலைவை முடித்திருக்கிறோம். ஒரே ஆண்டில் இருவரும் சேராததற்குக் காரணம் பிள்ளைகள்தான். அந்த உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாக எழுதுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்கு மணிக்கு எழுந்தால் நேரம் கிடைத்துவிடும் என்று சொல்லும் உங்கள் நண்பர், ஐந்தரைக்குச் சிறியவன் விழித்து அழும்போது அவனை யார் தூக்குகிறார்கள் என்று சொல்லவில்லை. உங்கள் மனைவி ஏழேகாலுக்கு வேன் ஏற வேண்டுமென்றால், அந்த வீட்டில் ஐந்து மணியிலிருந்து ஏழு மணி வரையிலான நேரத்துக்குத்தான் விலை அதிகம். குக்கர் ஒரு பக்கம், தேங்காய்ச் சட்னி ஒரு பக்கம், எண்ணெய் வைத்துப் பின்ன வேண்டிய மகளின் தலை, இரண்டு மூன்று டிபன் பாக்ஸ், கடைசி நிமிடத்தில் காணாமல் போகும் ஒற்றை சாக்ஸ். அந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தால், உங்கள் பயிற்சியை உண்மையில் செய்பவர் உங்கள் மனைவி. வேலை நாள் காலையில் கை வைக்கவே வைக்காதீர்கள் என்பது என் முதல் யோசனை. அதிகாலை நாலரைக்குக் கைக்கடிகாரத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடும் ஆண்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரே கேள்விதான்: அந்த வீட்டில் பால் காய்ச்சுவது யார்?

இந்தத் தொலைவுக்கு வாரம் ஐந்து மணி நேரம் தாராளமாகப் போதும். அதை அலுவலக வழியிலும் பிள்ளைகளின் வகுப்பு நேரத்திலும் ஒளித்து வைக்கலாம். நீச்சலை வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் வாரம் இரண்டு மாலைகளில் முடித்துக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரம் நீரில் இருந்துவிட்டு எட்டு, எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மகளுக்கு நடனமோ பாட்டோ ஏதாவது வார இறுதி வகுப்பு இருக்கும். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்று கைபேசி பார்க்கும் அந்த நேரத்தில் அதே தெருக்களைச் சுற்றி ஓடிவிட்டு வாருங்கள், வியர்த்த சட்டையோடு அழைத்து வந்தால் மகள் முகத்தைச் சுளிப்பாள், அவ்வளவுதான். வார நடுவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு இன்னொரு குறுகிய ஓட்டம். சைக்கிள் ஞாயிற்றுக்கிழமை, அன்று வேன் கிடையாது. விடியும் வேளையில் கிளம்பி ஏழரைக்கெல்லாம் திரும்பிவிடுங்கள்.

திரும்பிய பிறகு நடப்பதுதான் குடும்பத்தில் கணக்குக்கு வரும். சைக்கிளை நிறுத்திவிட்டு மின்விசிறிக்குக் கீழே சாய்ந்து பத்து மணி வரை தூங்கினால், பயிற்சி இரண்டு மணி நேரம் என்பது நான்கரை மணி நேரமாகிவிடுகிறது. ஞாயிறு காலைச் சிற்றுண்டி உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, நீச்சலுக்கு எடுத்துக்கொள்ளும் இரண்டு மாலைகளுக்கு ஈடாக வேறு இரண்டு மாலைகளை முழுவதுமாக மனைவிக்கு விடுங்கள். வீட்டுப்பாடம், குளியல், சோறூட்டல் எல்லாம் உங்களுடையவை, சந்தேகம் கேட்டு அவருக்கு போன் போடக் கூடாது. இதை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் சமையலறை நாட்காட்டியில் இருவருமாக எழுதிவிடுங்கள்.

தவறிய பயிற்சியை மறுநாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்ட முயல வேண்டாம். நான்கு மாதங்களில் சிறியவனுக்குக் காய்ச்சல் வரும், டிசம்பரில் மகளுக்கு அரையாண்டுத் தேர்வு வரும், அதே டிசம்பர் கடைசியில் உங்கள் வங்கியில் காலாண்டு முடிவு வரும், மழை நிச்சயம் வரும். போன வாரம் போனதுதான் என்று விட்டுவிடத் தெரிந்தவர்களே பிப்ரவரி வரை வந்து சேருகிறார்கள்.

அறக்கட்டளைக் கணக்கர் (பதில்):

நிதி திரட்டுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓர் அறக்கட்டளையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன் (நீங்கள் குறிப்பிடும் அமைப்பு அல்ல).

உங்கள் சொந்த யூபிஐ எண்ணில் நன்கொடை வாங்காதீர்கள். உங்கள் நேர்மையை யாரும் ஐயப்படமாட்டார்கள் என்றாலும், பணம் உங்கள் கணக்கிலிருந்து மொத்தமாக வந்தால் ரசீது உங்கள் பெயருக்கே எழுதப்படும். கொடுத்த நாற்பது பேருக்கும் 80ஜி வரிச்சலுகைக்கான சான்று கிடைக்காது. ஒவ்வொருவரும் நேரடியாக அறக்கட்டளையின் கணக்கில் செலுத்தி, பெயரையும் பான் எண்ணையும் தர வேண்டும். அறக்கட்டளை அந்த விவரங்களை 10பிடி படிவத்தில் வருமான வரித்துறைக்குத் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தரும். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி பொருந்தாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மார்ச் மாதத்தில் வரும் வருத்தங்களைத் தவிர்க்கலாம்.

சிங்கப்பூர் உறவினர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால், அவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில் அதைப் பெற முடியும். முதலில் அவரிடம் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள்.

நீங்கள் பொதுத்துறை வங்கி அலுவலர் என்பதால் இன்னொன்றும் உண்டு. நிதி திரட்டும் முயற்சியில் ஈடுபடுவதற்கு முன்அனுமதி பெற வேண்டும் என்று உங்கள் நடத்தை விதிகளில் இருக்கும். ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள். கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம், அதிலும் கடன் கேட்டு வருபவர்களிடம், எக்காரணம் கொண்டும் நன்கொடை கேட்காதீர்கள். அவர்களால் மறுக்க முடியாது. போட்டியின் நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு அறக்கட்டளைக்குப் போகிறது, எவ்வளவு ஏற்பாட்டுச் செலவுக்குப் போகிறது என்று நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடை தருபவர்களில் ஒருவராவது உங்களிடம் அதைக் கேட்பார்.

மேடவாக்கம் வாசி:

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மா என்ற பெயரில் எழுதிய சகோதரியின் பதிலை மனைவியிடம் காட்டினேன். படித்து முடித்துவிட்டு, இவர் முகவரியைக் கேட்டு வாங்குங்கள் என்றார். செவ்வாய், வியாழன் மாலை எனக்கு. திங்கள், வெள்ளி மாலை அவருக்கு. அந்த மாலைகளில் அவர் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று நான் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. அனுமதிக் கடிதமும் கொடுத்துவிட்டேன். அத்தை மகன் இந்திய பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறான்.

மீதமிருப்பது சைக்கிள். ரோடு பைக் எனும் பந்தய சைக்கிள் இல்லாமல் போனால் மிகவும் பின்தங்கிவிடுவேன் என்று கடைக்காரர் சொல்கிறார்; விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஞாயிறு காலையில் எந்த வழியில் போவது பாதுகாப்பு என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்புக்காற்று:

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஆனால் அது பரிசுக்கு ஓடுபவர்களுக்கான உண்மை. 20 கிலோமீட்டரில் உங்கள் ஹைபிரிட் சில நிமிடங்கள் தாமதமாகும், அதனால் அறக்கட்டளைக்கு ஒரு ரூபாயும் குறையாது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டு, முள்முள்ளாக இருக்கும் டயர்களுக்குப் பதில் வழுவழுப்பான ஒல்லி டயர் போடுங்கள். செயினையும் பிரேக் கட்டைகளையும் மாற்றுங்கள். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மட்டும் மடிந்திருக்க வேண்டும்.

வழி என்றால், சோழிங்கநல்லூர் வந்து, அக்கரையில் ஈசிஆரைப் பிடித்து, உத்தண்டி, முட்டுக்காடு தாண்டிக் கோவளம் வரை போய்த் திரும்புவதுதான் வழக்கம். மேடவாக்கத்திலிருந்து கிளம்பும்போது மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கு இடையே இருட்டில் வேகம் எடுக்காதீர்கள். ஈசிஆரில் இடது ஓரம் மணல் படிந்திருக்கும், திருப்பத்தில் சறுக்கும். எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டிகளும், டீக்கடை முன் திடீரென்று ஓரங்கட்டும் சுற்றுலாப் பேருந்துகளும்தான் அங்கே பெரிய ஆபத்து; பின்விளக்கு வெளிச்சம் வந்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கட்டும். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று தள்ளும், கைப்பிடியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போட்டி விதிகளில் இரண்டை இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நீச்சல் முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்ததும், ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கியைப் பூட்டிய பிறகுதான் சைக்கிளில் கை வைக்க வேண்டும். பதற்றத்தில் முதல் முறை வருபவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் இங்கேதான். சாலையில் முன்னால் செல்பவரின் பின்னே ஒட்டிக்கொண்டு காற்றுத் தடையைக் குறைத்துக்கொள்வதும் பொதுவாக இத்தகைய போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. 10 மீட்டர் இடைவெளி விடச் சொல்வார்கள், முந்துவதென்றால் தயங்காமல் முந்திவிட வேண்டும். உங்கள் போட்டியில் இந்த இடைவெளி எவ்வளவு என்று விளக்கக் கூட்டத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் வழக்கமாக முந்தின நாள் மாலையில் இருக்கும், அது யாருடைய மாலை என்று வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.